கோடு போடும் முன் கூடிப் பேசுவோம்: பசுமை வீட்டின் முதற்கட்டத் திட்டமிடல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீடு கட்டத் தொடங்கும் முன்பே அதில் கை வைக்கப்போகும் எல்லாரையும் ஒரே மேசையில் உட்கார வைத்துப் பேச வைக்கும் வேலையைப் பல வருடங்களாகச் செய்து வருகிறேன். படித்தது சிவில் இன்ஜினியரிங். ஆனால் இந்த வேலையை எனக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் அந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்தவர்கள்தான். பசுமை வீடு வேண்டும் என்று வருகிறவர்கள் கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றையும், நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில், பசுமை வீடு என்று எதைச் சொல்கிறீர்கள்?

கட்டும்போது குறைந்த பொருளையும், குடியிருக்கும்போது குறைந்த மின்சாரத்தையும் தண்ணீரையும் கேட்கிற வீடு. அதே சமயம் உள்ளே இருப்பவர்களுக்கு வெளிச்சமும் காற்றும் உடலுக்கு இதமான வெப்பநிலையும் கிடைக்க வேண்டும். இந்த இரண்டாவது பாதியை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். வியர்த்துக்கொண்டே மின்சாரம் மிச்சப்படுத்தும் வீட்டை நான் பசுமை வீடு என்று சொல்ல மாட்டேன்.

இது ஏன் முக்கியம் என்றால், உலகில் எரிசக்தி சார்ந்து வெளியாகும் கரியமில வாயுவில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கட்டடங்களைக் கட்டுவதிலும் நடத்துவதிலும் வருகிறது. சிமெண்ட் உற்பத்தி மட்டுமே மொத்தத்தில் 7 முதல் 8 சதவீதம். ஒரு வீடு ஐம்பது அறுபது வருடம் நிற்கும். அதில் இன்று போடும் ஜன்னல், அத்தனை வருடமும் மின்கட்டணத்தில் தெரிந்துகொண்டே இருக்கும்.

கூடித் திட்டமிடுவது என்கிறீர்களே, வழக்கமான முறையிலிருந்து அது எங்கே மாறுகிறது?

வழக்கமான முறை ஒரு தொடர் ஓட்டம் மாதிரி. ஆர்க்கிடெக்ட் பிளான் போடுவார். அது முடிந்ததும் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் போகும். அவர் பில்லரும் பீமும் வைப்பார். அப்புறம் எலெக்ட்ரிகல், அப்புறம் பிளம்பிங், கடைசியில் கான்ட்ராக்டர் எஸ்டிமேட் போடுவார். ஒவ்வொருவருக்கும் முந்தையவர் முடித்த இடத்தில்தான் வேலை தொடங்குகிறது. பிளம்பருக்கு நல்ல யோசனை ஒன்று தோன்றினாலும், அதைச் சொல்லும் நேரத்தில் கான்கிரீட் இறுகியிருக்கும்.

கூடித் திட்டமிடும்போது இவர்கள் எல்லாரும் முதல் கோடு விழும் முன்பே ஒன்றாக உட்காருகிறார்கள். வரைபடமே அந்த மேசையில்தான் பிறக்கிறது. தீவிரமாக நடக்கும் இப்படிப்பட்ட கூட்டத்தை மேலைநாடுகளில் ‘ஷரெட்’ என்பார்கள். பிரெஞ்சில் அதற்குத் தள்ளுவண்டி என்று பொருள். 19-ஆம் நூற்றாண்டில் பாரிஸ் கலைப்பள்ளியின் கட்டடக்கலை மாணவர்கள் கெடு முடியும்போது வரைபடங்களைத் தள்ளுவண்டியில் வைத்து அனுப்புவார்கள். கடைசி நிமிடம் வரை வேலை நடக்கும். அந்த வண்டியின் பெயரே வேலைக்கும் வந்துவிட்டது.

கனடா அரசு 1993-ல் சி-2000 என்ற திட்டத்தைத் தொடங்கியது. எரிசக்தியை மிகக் குறைவாகச் செலவழிக்கும் கட்டடங்களை ஊக்குவிப்பது நோக்கம். உயர்ந்த கருவிகளுக்கு ஆகும் கூடுதல் செலவுக்கு உதவி வேண்டியிருக்கும் என்று எதிர்பார்த்தார்கள். கட்டி முடித்துப் பார்த்தால் கூடுதல் செலவு எதிர்பார்த்ததைவிடக் குறைவு. பலன் பெரும்பாலும் வடிவமைத்த முறையிலிருந்தே வந்திருந்தது. பின்பு, 1997 முதல் 2002 வரை, சர்வதேச எரிசக்தி முகமையின் கீழ் பல நாட்டு வல்லுநர்கள் சேர்ந்து இந்த முறைக்கு வழிகாட்டிகளும் எழுதினார்கள். அவை பெரிய கட்டடங்களுக்காக எழுதப்பட்டவை. ஆனால் நான் பார்த்தவரை, சின்ன வீட்டுக்கு இந்த முறை இன்னும் எளிதாகப் பொருந்துகிறது, ஏனென்றால் மேசையும் சின்னது.

ஏன் இவ்வளவு ஆரம்பத்திலேயே? பிளான் வந்த பிறகு பேசினால் ஆகாதா?

பேசலாம். ஆனால் மாற்ற முடிவது குறைந்துகொண்டே வரும். மாற்றுவதற்கு ஆகும் செலவு ஏறிக்கொண்டே போகும். 2004-ல் பாட்ரிக் மக்லீமி என்ற அமெரிக்க ஆர்க்கிடெக்ட் இதை ஒரே வரைபடத்தில் காட்டினார். ஒரு கோடு இறங்குகிறது, அது மாற்றும் திறன். இன்னொன்று ஏறுகிறது, அது மாற்றத்தின் செலவு. இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடத்துக்கு முன்பே நம் உழைப்பின் பெரும்பகுதி முடிந்திருக்க வேண்டும் என்பதுதான் அவர் சொன்னது.

படம் வேண்டாம், மேற்குச் சுவரில் ஒரு ஜன்னலை எடுத்துக்கொள்ளுங்கள். பேச்சில் இருக்கும்போது அதை வடக்குச் சுவருக்கு மாற்ற ஒரு வாக்கியம் போதும். பிளானில் வந்துவிட்டால் அரை நாள் வேலை. ஜன்னலுக்கு மேல் சுமை தாங்கும் லிண்டல் போட்ட பிறகு, சுவரை உடைத்து, புது லிண்டல் போட்டு, பழைய இடத்தை அடைத்து, பூசி, காய வைக்க வேண்டும். உடைத்த செங்கல்லும் சிமெண்டும் குப்பைக்குப் போகும். குடிவந்த பிறகு யாரும் ஜன்னலை மாற்றுவதில்லை, திரை வாங்கிப் போட்டு ஏசியைக் கூட்டி வைப்பார்கள்.

யார் யார் வர வேண்டும்?

வீட்டுக்காரர்கள், ஆர்க்கிடெக்ட், ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர், கட்டப்போகும் கான்ட்ராக்டர், எலெக்ட்ரீஷியன், பிளம்பர். மண்ணும் மரமும் தெரிந்த தோட்டக்காரர் ஒருவர் கிடைத்தால் கட்டாயம் கூப்பிடுங்கள். ஏசியோ ஹீட்டரோ பெரிய அளவில் வரப்போகிறது என்றால் அதற்கான இன்ஜினியரும் வேண்டும்.

‘வீட்டுக்காரர்கள்’ என்று பன்மையில் எழுதியது தெரிந்துதான். பணம் கட்டுபவர் மட்டும் வந்தால் போதாது. சமைப்பவர், துணி துவைப்பவர், பகல் முழுக்க வீட்டில் இருக்கும் பெரியவர், பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை, இவர்களுக்குத்தான் அந்த வீட்டின் நேரங்கள் தெரியும். ஒரு கூட்டத்தில் பாட்டி ஒருவர் இரண்டு மணி நேரம் எதுவும் பேசாமல் இருந்தார். கடைசியில், “மத்தியானம் நான் எங்க உட்கார்றது?” என்று மட்டும் கேட்டார். அதுவரை எல்லாரும் மாலையில் கூடும் ஹாலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். நண்பகலில் நிழலும் காற்றும் உள்ள ஓர் இடம் அந்தப் பிளானில் இல்லை. அந்த ஒரு கேள்வியால் ஒரு திண்ணை வந்தது. அந்தத் திண்ணையின் நிழல் பின்னால் இருந்த அறையின் சுவரையும் குளிர வைத்தது.

பிளம்பரும் கொத்தனாரும் எதற்கு? அவர்கள் வேலை பின்னால்தானே வருகிறது?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன். அதிகம் விவாதம் வருவது இங்கேதான்.

ஒரு வீட்டில் குளியல் தண்ணீரைத் தனியாகப் பிரித்துத் தோட்டத்துக்கு விட வேண்டும் என்று எல்லாரும் ஒப்புக்கொண்டிருந்தோம். மாடியில் குளியலறை ஒரு மூலையில், தோட்டத்துக்கு இறங்கும் குழாய் எதிர்ப்பக்கம். இடையே 8 மீட்டர். பிளம்பர் பிளான் மேல் விரலை வைத்து, “இந்தக் குழாய் எப்படிச் சாயும்?” என்று கேட்டார். கழிவுநீர் தானாக ஓட வேண்டுமானால் குழாய்க்குச் சாய்வு வேண்டும். 40-க்கு 1 என்று வைத்தால் 8 மீட்டரில் குழாய் 20 சென்டிமீட்டர் இறங்கிவிடும். நடுவில் ஒரு பீம் வேறு. பீமுக்குக் கீழே கொண்டுபோனால் கீழறையின் கூரை தாழ்ந்துவிடும். பீமைத் துளைக்க இன்ஜினியர் சம்மதிக்க மாட்டார்.

பிளம்பரே வழியும் சொன்னார். குளியலறையைச் சமையலறைக்கு நேர் மேலே கொண்டுவந்துவிடுங்கள், எல்லாக் குழாயும் ஒரே தண்டில் இறங்கும். பத்து நிமிடத்தில் பிளான் மாறியது. நாங்கள் யாரும் நினைக்காத இன்னொரு பலனும் வந்தது. முதல் பிளானில் ஹீட்டரிலிருந்து குளியலறைக்கு வெந்நீர்க் குழாய் 20 மீட்டர் ஓடியது. உள்விட்டம் 15 மில்லிமீட்டர் என்றால் அதில் மூன்றரை லிட்டர் தண்ணீர் நிற்கும். ஒவ்வொரு முறை திறக்கும்போதும், அந்த ஆறிய தண்ணீர் வெளியே போன பிறகுதான் வெந்நீர் வரும். புது பிளானில் குழாய் 5 மீட்டர். ஒரு லிட்டருக்கும் குறைவு. எந்தக் கருவியும் வாங்காமல் கிடைத்த மிச்சம் இது.

கொத்தனாரின் கதையும் இதே மாதிரிதான். எந்தச் சுவர் எவ்வளவு நாளில் எழும், எந்தக் கல் எவ்வளவு உடைந்து வீணாகும், எந்த மூலையில் காரை சரியாக ஏறாது என்பதெல்லாம் அவர் கைக்குத் தெரியும். கல்லின் நீளத்துக்கு ஏற்ப அறையின் அளவை ஐந்து சென்டிமீட்டர் கூட்டியோ குறைத்தோ வைத்தால், வெட்டி எறியும் கல் குறையும். அந்த ஐந்து சென்டிமீட்டரை அவரைத் தவிர யாரும் கேட்க மாட்டார்கள்.

முதல் கூட்டத்துக்கு முன் என்ன தயார் செய்ய வேண்டும்?

மனையைப் படித்து வர வேண்டும். சர்வே வரைபடம், மேடு பள்ளம், மண் பரிசோதனை அறிக்கை, இருக்கும் மரங்கள் ஒவ்வொன்றின் இடமும் குடை விரிவும், பக்கத்துக் கட்டடங்களின் உயரம், தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே தேங்குகிறது. கடைசி இரண்டையும் தெரிந்துகொள்ள நல்ல மழை பெய்த மறுநாள் காலை மனைக்குப் போய் நின்றால் போதும். அதோடு காலை, உச்சி, மாலை மூன்று வேளையும் ஒருமுறை போய் நின்று பாருங்கள். சத்தமும் புழுக்கமும் பக்கத்துச் சுவரின் நிழலும் எந்த வரைபடத்திலும் இருக்காது.

வானிலைத் தரவும் வேண்டும். பல இடங்களுக்கு, ஓர் ஆண்டின் 8,760 மணி நேரத்துக்கும் வெப்பம், ஈரப்பதம், காற்று, வெயில் ஆகியவற்றைத் தரும் கோப்புகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அதிலிருந்து இரண்டு படம் எடுத்துக்கொண்டு வந்தால் போதும்: எந்த மாதத்தில் காற்று எங்கிருந்து வீசுகிறது, எந்த மாதத்தில் எவ்வளவு நேரம் வெப்பம் தாங்க முடியாமல் போகிறது.

சூரியனின் உயரத்துக்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது. இரவும் பகலும் சமமாக இருக்கும் நாளில், நண்பகல் சூரியனின் உயரக் கோணம் 90-லிருந்து உங்கள் இடத்தின் அட்சரேகையைக் கழித்தால் வரும். கோடையின் உச்சியில் அதோடு 23.5 பாகை கூடும், குளிர்காலத்தின் ஆழத்தில் 23.5 குறையும். இதை எதற்குச் சொல்கிறேன் என்பது ஜன்னல் பற்றிய பதிலில் தெரியும்.

கூட்டம் எப்படி நடக்கும்?

ஒரு நாள் ஒதுக்குங்கள். காலையில் எல்லாரும் சேர்ந்து மனையை ஒருமுறை நடந்து பார்ப்பது. திரும்பி வந்து வீட்டுக்காரர்கள் பேசுவார்கள். மற்றவர்கள் குறுக்கிடாமல் கேட்பார்கள். அதன் பிறகு இலக்குகள். மதியத்துக்கு மேல் டிரேசிங் தாளைச் சர்வே வரைபடத்தின் மேல் விரித்து, இரண்டு மூன்று மாறுபட்ட அமைப்புகளைக் கையாலேயே வரைந்து பார்ப்பது. கம்ப்யூட்டரில் வரைந்தது முடிந்த வேலை மாதிரி தெரியும், அதைத் திருத்தக் கூச்சப்படுவார்கள். பென்சில் கோட்டில் யாரும் தயங்காமல் கை வைப்பார்கள்.

பேச்சை நடத்த ஒருவர் வேண்டும். அவர் ஆர்க்கிடெக்ட்டாக இல்லாமல் இருந்தால் நல்லது. வரைகிற கைக்குத் தன் கோட்டைக் காப்பாற்றத் தோன்றும். ஒருவர் எல்லாவற்றையும் எழுத வேண்டும். ஒரு நாளில் முடியவில்லை என்றால், சில வாரம் கழித்து இன்னொரு நாள்.

இலக்கு வைப்பது என்றால்? “பசுமையாக இருக்க வேண்டும்” என்பதே இலக்குதானே?

அது ஆசை. இலக்கு என்றால், ஒரு வருடம் கழித்து அளந்து பார்த்துச் சரி அல்லது தவறு என்று சொல்ல முடிய வேண்டும். சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு எத்தனை கிலோவாட் மணி மின்சாரம், ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் தண்ணீர், ஏசியோ ஹீட்டரோ இல்லாமல் ஆண்டில் எத்தனை மாதம் படுக்கையறை இதமாக இருக்க வேண்டும் என்று எண்ணில் எழுதுங்கள்.

இதற்கு ஒரு நல்ல முன்னோடி, மிகக் குறைந்த எரிசக்தியில் இதமாக இருக்கும் வீட்டுக்கான ஜெர்மனியின் அளவுகோலான பாசிவ் ஹவுஸ். போ ஆடம்சன், வொல்ஃப்காங் ஃபைஸ்ட் என்ற இருவரின் யோசனை அது. டார்ம்ஸ்டட் நகரில் கட்டிய முதல் வீடுகளுக்கு 1991-ல் குடிவந்தார்கள். வீட்டைச் சூடாக்க ஆண்டுக்குச் சதுர மீட்டருக்கு 15 கிலோவாட் மணிக்கு மேல் கூடாது. 50 பாஸ்கல் அழுத்த வேறுபாட்டில் இடுக்குகள் வழியாக ஒரு மணி நேரத்தில் மாறும் காற்று, வீட்டின் கன அளவில் 0.6 மடங்கைத் தாண்டக் கூடாது. எண் இப்படித் தெளிவாக இருந்ததால்தான் தச்சர் முதல் இன்ஜினியர் வரை எல்லாரும் தன் பங்கு என்ன என்று தெரிந்து வேலை செய்ய முடிந்தது. உங்கள் காலநிலைக்கு அதே எண்கள் பொருந்த வேண்டும் என்பதில்லை. எண் என்று ஒன்று இருக்க வேண்டும்.

இலக்குகளை இரண்டு பக்கத்துக்குள் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள். பின்னால் கருத்து வேறுபாடு வரும்போது அந்த இரண்டு பக்கம்தான் நடுவர்.

எந்த முடிவை முதலில் எடுப்பது?

திருப்ப முடியாததை முதலில். என் வரிசை இதுதான்: எவ்வளவு பெரிய வீடு, மனையில் எங்கே, எந்தத் திசை பார்த்து, என்ன வடிவம், ஜன்னலும் நிழலும், சுவரும் கூரையும். கருவிகள் கடைசியில்.

அளவைப் பற்றிப் பேசத் தயங்குவார்கள். ஆனால் கட்டாத ஒரு அறைக்குச் சிமெண்டும் வேண்டாம், விளக்கும் வேண்டாம், துடைக்கவும் வேண்டாம். வருடத்தில் பத்து நாள் பயன்படும் அறையை வேறு ஒரு அறையோடு சேர்க்க முடியுமா என்று ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்கிறேன். பாதிப் பேர் சரி என்கிறார்கள்.

திசையும் ஜன்னலும் சேர்ந்தே வரும். 40 பாகை அட்சரேகையில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். மேலே சொன்ன கணக்குப்படி நண்பகல் சூரியன் கோடையின் உச்சியில் 73.5 பாகை உயரத்தில், குளிர்காலத்தில் 26.5 பாகையில். சூரியனைப் பார்க்கும் பக்கத்து ஜன்னலுக்கு மேல் 60 சென்டிமீட்டர் சன்ஷேடு போட்டால், கோடையில் அதன் நிழல் சுவரில் 2 மீட்டர் இறங்கும். ஜன்னல் முழுக்க மறையும். குளிர்காலத்தில் 30 சென்டிமீட்டர்தான். வெயில் தாராளமாக உள்ளே வந்து தரையைச் சூடாக்கும். ஒரே ஸ்லாப், இரண்டு பருவத்துக்கும் வேலை செய்கிறது, சுவிட்ச் கூட இல்லை.

பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில், 10 பாகை வடக்கில் கதை வேறு. ஆண்டின் ஒரு பகுதியில் நண்பகல் சூரியன் வடக்குப் பக்கம் போய்விடும். அங்கே தெற்குக்கும் வடக்குக்கும் நிழல் வேண்டும். கிழக்கிலும் மேற்கிலும் எந்த ஊரிலும் சன்ஷேடு அதிகம் உதவாது, ஏனென்றால் வெயில் தாழ்வாக, நேராக வரும். அங்கே ஜன்னலைச் சிறிதாக வையுங்கள், அல்லது மரம், செங்குத்தாக நிறுத்திய பலகைத் தடுப்பு, மாடிப்படி, ஸ்டோர் ரூம் என்று எதையாவது இடையில் வையுங்கள். அதனால்தான் பெரும்பாலான காலநிலைகளில் வீட்டின் நீள்பக்கத்தைக் கிழக்கு மேற்காக ஓட விடச் சொல்கிறோம்.

மழைநீரை எப்போது யோசிப்பது?

கூரையின் வடிவத்தைப் பேசும் அதே நிமிடத்தில். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். 120 சதுர மீட்டர் கூரையில் 20 மில்லிமீட்டர் பெய்தால் 2,400 லிட்டர். தெறிப்பு, ஆவி, முதல் மழைக் கழிவு போக ஏறக்குறைய 2,000 லிட்டர் கையில் நிற்கும். அது எந்தப் பக்கம் இறங்கும், தொட்டி எங்கே, அதிலிருந்து கழிப்பறைக்குத் தனிக் குழாய் உண்டா என்பதை அஸ்திவாரத்துக்கு முன் முடிவு செய்யுங்கள்.

சோலார் பேனல் போட்டுவிட்டால் இவ்வளவு யோசனை தேவைப்படாதே?

முதலில் தேவையைக் குறைத்தால் பேனலும் குறைவாகப் போதும். எங்கள் மேசையில் பேனல் கடைசியில் வருவதற்குக் காரணம் அதுதான். ஆனால் அதற்கான இடத்தை மட்டும் முதல் நாளே ஒதுக்கிவிடுகிறோம். பேனலின் ஒரு மூலையில் விழும் தண்ணீர்த் தொட்டியின் நிழல், அதோடு தொடராக இணைத்த மற்ற பேனல்களின் மின்சாரத்தையும் இழுத்துக் குறைக்கும். தொட்டியையும் மாடிப்படி அறையையும் சூரியன் போகும் பாதைக்கு எதிர்ப்பக்கம் வைப்பது பிளானில் ஒரு சின்ன நகர்த்தல். கூரை தாங்கும் எடையை ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் அப்போதே சொல்லிவிட வேண்டும். இப்போது பேனல் வாங்கப் பணம் இல்லை என்றாலும், மாடியிலிருந்து மீட்டர் பெட்டி வரை ஒரு காலிக் குழாயைச் சுவருக்குள் விட்டு வையுங்கள்.

கம்ப்யூட்டர் சிமுலேஷன் அவசியமா?

உதவும். ஆனால் சீக்கிரம் செய்தால்தான். முடிந்த பிளானைச் சிமுலேஷனில் போட்டுச் சான்று வாங்குவதில் எனக்கு ஆர்வம் இல்லை. அறைகள்கூடப் பிரிக்காத வெறும் பெட்டியாக வீட்டை வைத்து, இந்தத் திசையா அந்தத் திசையா, ஜன்னல் கூடவா குறைவா, கூரைக்கு இன்சுலேஷன், அதாவது வெப்பத்தடுப்பு, போட்டால் என்ன என்று ஒப்பிட்டுப் பாருங்கள். அமெரிக்க எரிசக்தித் துறையின் எனர்ஜிபிளஸ் போன்ற மென்பொருள்கள் இலவசம். ஆண்டுக் கணக்கில் வரும் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம், வீட்டில் இருப்பவர்களின் பழக்கம் அதை மாற்றிவிடும். இரண்டு வழிகளில் எது மேல் என்பதைத்தான் அது நம்பகமாகச் சொல்லும்.

இப்படிச் செய்தால் செலவு கூடுமா?

ஆரம்பத்தில் கூடும். ஆறேழு பேரின் ஒரு நாள், இரண்டு நாள் சம்பளம். அது திரும்பி வரும் வழியைச் சொல்கிறேன். கூரைக்கு நல்ல இன்சுலேஷன் போட்டு, மேற்கு வெயிலைத் தடுத்தால், அறைக்குள் வரும் வெப்பம் குறையும். இரண்டு டன் ஏசி வேண்டிய இடத்தில் ஒரு டன் போதும் என்று ஆகலாம். ஒரு டன் என்பது மூன்றரை கிலோவாட் வெப்பத்தை வெளியேற்றும் திறன். ஏசி சிறிதானால் வயரும் சிறிது, சோலாரும் சிறிது. ஒரு இடத்தில் கூடியது மூன்று இடத்தில் குறைகிறது.

ஆபத்து எங்கே என்றால், கட்டும்போது பணம் இழுக்கும். அப்போது யாராவது எஸ்டிமேட்டை எடுத்து, வரிவரியாகப் பார்த்து, “இந்த இன்சுலேஷனை எடுத்துவிடலாம்” என்பார்கள். அந்த ஒரு வரியைத் தனியாகப் பார்த்தால் மிச்சம்தான். ஆனால் அதை நம்பித்தான் சின்ன ஏசியைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். இப்படி எடுத்த ஒரு வீட்டுக்கு முதல் கோடையில் போயிருந்தேன். ஏசி நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது, அறை குளிரவில்லை. ஏசிக்காரரைக் குறை சொன்னார்கள். அவர் மேல் தப்பே இல்லை. அதனால் எஸ்டிமேட்டில் எது எதோடு கட்டப்பட்டிருக்கிறது என்று குறித்து வையுங்கள். ஒன்றை எடுத்தால் மற்றதையும் திரும்பப் பார்க்க வேண்டும்.

கான்ட்ராக்டரை முன்பே சேர்த்துவிட்டால் போட்டி விலை கிடைக்காதே?

நியாயமான பயம். திட்டமிடும் கட்டத்துக்கு மட்டும் தனியாக ஒரு சின்ன ஒப்பந்தம் போடுங்கள். அவர் தரும் நேரத்துக்குப் பணம், கட்டும் வேலை அவருக்கே என்ற வாக்குறுதி இல்லை. பிளான் முடிந்ததும் அவர் தரும் எஸ்டிமேட்டை, பொருள் வேறு கூலி வேறாகப் பிரித்து, வெளிப்படையாகக் கேளுங்கள். பிடிக்கவில்லை என்றால் வேறு இருவரிடம் கேட்கலாம். இலவசமாக யோசனை கேட்டு வாங்கிக்கொண்டு வேறு ஒருவரிடம் வேலை கொடுப்பதை மட்டும் செய்யாதீர்கள்.

சான்றிதழ் வாங்க வேண்டுமா?

பசுமைக் கட்டடங்களுக்குப் புள்ளி போட்டுச் சான்றிதழ் தரும் முறைகள் உண்டு. பிரிட்டனின் பிரீயம் 1990-ல் வந்தது, அமெரிக்காவின் லீட் 1998-ல். இன்று பல நாடுகளுக்குத் தங்கள் சொந்த அளவுகோல்கள் உண்டு. சான்றிதழ் வேண்டும் என்றால் முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள். பல புள்ளிகளுக்கான ஆதாரத்தைக் கட்டும்போதே சேர்க்க வேண்டியிருக்கும். வேண்டாம் என்றாலும் அவற்றின் பட்டியலை ஒருமுறை வாசியுங்கள், எதையாவது மறந்திருந்தால் தெரியும்.

ஆளாளுக்கு ஒன்று சொன்னால் யார் முடிவு செய்வது?

கடைசி வார்த்தை வீட்டுக்காரருடையது. ஆனால் அங்கே போகும் முன், எழுதி வைத்த இலக்கோடு ஒப்பிடுங்கள். ஒரு வீட்டில் மேற்கே அழகான ஏரி தெரிந்தது. அந்தப் பக்கம் சுவர் முழுக்கக் கண்ணாடி வேண்டும் என்றார் கணவர். மாலையில் அந்த அறையில் இருக்க முடியாது என்றார் இன்ஜினியர். இருவரும் சொன்னது உண்மை. மனைவிதான், “நாம நின்னுக்கிட்டா பார்க்கப் போறோம், உட்கார்ந்துதானே?” என்றார். உட்கார்ந்திருப்பவரின் கண் உயரத்தில், நீளமாக, ஆழமான ஓரம் வைத்த ஒரே ஜன்னல் வந்தது. ஏரி முழுக்கத் தெரிகிறது.

வேண்டாம் என்று விட்டதையும் காரணத்தோடு எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து அதே யோசனையை யாரோ புதிதாகக் கொண்டுவருவார்கள்.

மனையில் இருக்கும் மரங்களை என்ன செய்வது?

பிளானில் முதலில் வரைய வேண்டியது அவற்றைத்தான். புதுக் கன்று அதே நிழலைத் தர இருபது வருடம் ஆகும். வெட்டாமல் விட்டாலும் போதாது. வேருக்கு மேல் லாரி ஓடி, மணலும் கல்லும் குவிந்தால் மண் இறுகி, மரம் ஓரிரு வருடம் கழித்துக் காயத் தொடங்கும். வேலை தொடங்கும் முன்பே, குறைந்தது குடை விரிவின் விளிம்பு வரைக்கும் வேலி போடுங்கள். பொருள் இறக்கும் இடத்தையும் கூட்டத்திலேயே குறித்துவிடுங்கள்.

கூட்டத்தில் பேசியது வேலை நடக்கும்போது காற்றில் போய்விடாமல் எப்படிப் பார்ப்பது?

நிறுத்திப் பார்க்கும் இடங்களை முன்பே குறியுங்கள்: அஸ்திவாரக் குறி போட்டதும் திசை சரியா என்று, ஸ்லாப் கான்கிரீட் போடும் முன் குழாய்கள் எல்லாம் வந்துவிட்டனவா என்று, பூச்சுக்கு முன் இன்சுலேஷனிலும் ஜன்னல் ஓரங்களிலும் இடைவெளி இருக்கிறதா என்று. ஒவ்வொரு இடத்திலும் யார் வந்து பார்த்துச் சரி சொல்ல வேண்டும் என்று பெயர் இருக்க வேண்டும். காற்றுப்புகா வீடு இலக்கு என்றால், உள்பூச்சு முடியும் முன்பே ஃபேன் வைத்து அழுத்தச் சோதனை செய்யுங்கள், ஓட்டையை அப்போது அடைப்பது எளிது. குடிவந்து ஒரு வருடம் ஆனதும் மின்சார, தண்ணீர்க் கணக்கை எடுத்துக்கொண்டு அதே ஆட்கள் ஒருமுறை சந்திக்க வேண்டும். பெரும்பாலும் இதை மறந்துவிடுகிறார்கள், எனக்கு அதில் வருத்தம் உண்டு.

எங்கள் பிளான் ஏற்கெனவே முடிந்துவிட்டது. இனி பேசிப் பயன் உண்டா?

அஸ்திவாரம் தோண்டவில்லை என்றால் நிறையவே உண்டு. தோண்டியிருந்தாலும் ஜன்னல் அளவு, நிழல், கூரை நிறம், இன்சுலேஷன், குழாய், மரம் எல்லாம் இன்னும் உங்கள் கையில்தான். பிளானை எடுத்துக்கொண்டு எல்லாரையும் ஒரு நாள் கூப்பிடுங்கள். எது இன்னும் நகரும், எது நகராது என்று இரண்டு நிறத்தில் குறித்துக்கொண்டு தொடங்குங்கள்.

ஒரு குடும்பம் இப்படித்தான் முடிந்த பிளானோடு வந்தது. வாசல் வடக்கே, படுக்கையறைகள் எல்லாம் மேற்கே, மாடிப்படியும் ஸ்டோர் ரூமும் கிழக்கே. பிளான் பிடித்துப்போய்விட்டது, மாற்ற மனமில்லை. கான்ட்ராக்டர் எழுந்து, டிரேசிங் தாளை அப்படியே இடம் வலமாகத் திருப்பிப் போட்டு, ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிக் காட்டினார். வாசல் வடக்கிலேயே இருந்தது. படுக்கையறைகள் கிழக்குக்குப் போயின. மாடிப்படியும் ஸ்டோரும் மேற்கு வெயிலுக்கு முன்னால் வந்து நின்றன. ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் பில்லர்களை எண்ணிப் பார்த்து, எதுவும் மாறவில்லை என்றார். பிளம்பர், கழிவுக் குழாய் முன்னைவிடக் குறைகிறது என்றார். அறைகளின் பெயர் மட்டும் கண்ணாடியில் தெரிவது போலத் தலைகீழாக இருந்தது. அந்த வீட்டுப் பெண் பேனாவை வாங்கி, ஒவ்வொன்றாக நேராக எழுதினார்.